நிழல் குதித்த இடம்

கல்யாண ஆல்பம் போடுகிற தொழிலில் இல்லாததை இருப்பதுபோல் காட்ட வேண்டும். இப்போது நான் பார்க்கிற தொழிலில் இருப்பதை இருக்கிறபடி காட்ட வேண்டும், இரண்டில் இதுதான் இடுப்பை ஒடிக்கிறது.

மரக்காணத்தில் பதினெட்டு வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு பாஸ்போர்ட் போட்டோவுக்கு மட்டும் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் அதற்கும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் குயிலாப்பாளையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் வீடியோ தயாரிக்கிற ஒரு சின்னக் குழு கேமராவுக்கு ஆள் தேடியது. வேகமாக நடப்பதை மெதுவாக்கிக் காட்ட வேண்டும், மெதுவாக நடப்பதை வேகமாக்கிக் காட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்க வேண்டும், இவ்வளவுதான் வேலை என்றார்கள். மணப்பெண்ணின் முகப்பருவைத் தெரியாமல் செய்தே பிழைத்தவனுக்கு இது நேர் எதிர்த் திசை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன்.

எனக்குத் துணையாக ரஹ்மத் என்ற பெண்ணைப் போட்டார்கள். கூனிமேட்டுக்காரி, ஃபிசிக்ஸ் படித்தவள். எதை எடுக்க வேண்டும் என்று அவள் சொல்வாள். எடுத்தது ஏன் உதவாது என்றும் அவளே சொல்வாள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் கருகிய என் இனத்தாரே, கீழே வருவதைப் படித்து நீங்கள் சிரித்தால் தப்பில்லை. மற்றவர்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

குடை

முதல் வேலை, உப்பு எப்படி உண்டாகிறது என்று காட்டுவது. உப்பளத்து மேஸ்திரி ஒரு பாத்தியில் மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். அந்தப் பாத்தியில் வேலை செய்தவர் அஞ்சலை அக்கா. ஐம்பது தாண்டியவர், தலையில் ஈரத்துண்டு, வாயில் வெற்றிலை, யாரையும் அதட்டாத குரல். நான் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் கேமராவைக் கவிழ்த்து நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தேன். பார்த்தால், படம் முழுக்க வானம்தான் தண்ணீரில் பளபளத்தது. உப்புக்கு இடமே இல்லை. நான் விடுவேனா? ஸ்டுடியோவிலிருந்து பெரிய குடையைக் கொண்டுவந்து மூலைக்கு மேலே விரித்துக் கட்டினேன். பளபளப்பு போய்விட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஆயிற்று. மற்ற பாத்திகளெல்லாம் வெளுக்கத் தொடங்கிவிட்டன. என் மூலையில் மட்டும் தெளிந்த தண்ணீர் அப்படியே கிடந்தது. பேட்டரியை மாற்றினேன். லென்ஸை மாற்றினேன். தண்ணீரைத் தொட்டு நாக்கில்கூட வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அஞ்சலை அக்கா வந்து குடைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். "ஜில்லுனு இருக்குது" என்றார். அப்புறம் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, மனசு நோகாதபடி மெல்லச் சொன்னார்: "வெயில்ல காயணும்னுதானே தம்பி இத்தன பேரும் இங்க காயறோம். நீ அதுக்குப் போயி குடை புடிச்சிருக்கிறியே."

மூலை

ரஹ்மத் தலையில் அடித்துக்கொண்டு, லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற ஒரு வட்டக் கண்ணாடியைக் கொடுத்தாள். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பெரும்பாலும் ஒரே திசையில் அதிருமாம். இந்தக் கண்ணாடியைச் சரியான கோணத்துக்குத் திருப்பினால் அந்த வெளிச்சத்தை மட்டும் தடுத்துவிடும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து வைத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பு அப்படியே வடிந்து, பாத்தியின் தரை தெரிந்தது. பதினெட்டு வருடம் கேமரா பிடித்தவன், குடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன் பாருங்கள்.

நாலு நாள் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் படங்களை ஓட்டினால், உப்பு துளிர்த்து வருகிற நேரத்தில் குறுக்கே ஒரு பலகை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகிறது. உப்பளத்தில் நீளக் கழியில் பலகை கோத்த வாரியைத் தினம் ஒரு தடவை பாத்தியில் ஓட்டுவார்கள். கலைத்துவிட்டால்தான் உப்பு கட்டியாகப் பிடிக்காமல் பொடிப்பொடியாக வரும். என் மூலையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தும் அஞ்சலை அக்காவின் கை கேட்கவில்லை. "ஒரு மூலைய மட்டும் விட்டுட்டுப் போனா, சோறு போட்டுட்டு கொழம்பு ஊத்தாத மாதிரி இருக்குது தம்பி" என்று வருத்தப்பட்டார். மறுபடி ஐந்து நாள் காத்திருந்தேன். அந்த முறை கிடைத்துவிட்டது. தண்ணீரின் மேல் ஒரு புள்ளி தோன்றுகிறது, சதுரமாகிறது, ஓரம் ஓரமாகப் படி கட்டிக்கொண்டு சின்னப் படகுபோல் மிதக்கிறது, கனம் தாங்காமல் முழுகுகிறது. நாள் கணக்கில் நடந்தது முப்பது நொடியில் ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை முதலில் அஞ்சலை அக்காவுக்குத்தான் காட்டினேன். செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். "வெள்ளையா இருக்குது தம்பி. நல்ல வெள்ளை" என்றார்.

தம்

நடுவில் ஒரு வாரம் உப்பளத்துக்கு லீவு விட்டு, சூடான காற்றைப் படமெடுக்கப் போனோம். ஒரு குழி ஆடி, ஒரு பொட்டு வெளிச்சம், ஒரு சவர பிளேடு, இவை போதும். சூட்டில் வளைந்து வருகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை பிளேடின் விளிம்பு வெட்டிவிடும். அதனால் காற்று புகைபோல நெளிவது கேமராவில் தெரியும். எதைப் படமெடுப்பது என்று யோசித்தபோது ரஹ்மத், கூனிமேட்டில் அவள் அத்தா வைத்திருக்கிற பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனாள். பின்கட்டில் ஆடியை நிறுத்தி, தம் போட்ட அண்டாவின் மூடி ஓரத்தை எடுத்தோம். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. திரையில் பார்த்தால், மாவு ஒட்டிய இடத்தில் விட்டிருந்த ஒரு மயிரிழை இடுக்கு வழியாகச் சூடு கொடிகொடியாக ஏறிக்கொண்டிருந்தது.

ரஹ்மத்தின் அப்பா, கடைக்காரப் பாய், ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு அண்டாவுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார். சரியாக ஐந்தாவது நிமிடத்தில்தான் திரையில் கொடிகள் தடித்தன. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் நோட்டம் விட்டார். "மூக்குக்குத் தெரியறத கண்ணுக்குக் காட்டறதுக்கு இவ்ளோ சாமானா? யா அல்லா. சரி, ஒக்காருங்க, சாப்புட்டுப் போங்க."

துளி

திரும்பி உப்பளத்துக்கு வந்தோம். வாரி ஓடும்போது அதற்கு முன்னால் தண்ணீர் எப்படி அலையாக எழுகிறது என்பதை மிக மெதுவாக்கிக் காட்ட வேண்டும். நொடிக்கு இருநூற்று நாற்பது படம். அஞ்சலை அக்கா, அவர் பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்கிற மேரி, வள்ளி, மூவரையும் வரிசையாக எடுத்தேன். அன்று சாயங்காலம் ரஹ்மத்தும் நானும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். அலை அழகாக எழுந்தது. பலகை தடுக்கி உப்புத் தண்ணீர் துளித்துளியாக முகத்துக்கு ஏறியது. ஒரு துளி கண்ணை நோக்கிப் போகிறது, அது வந்து படுவதற்குள் மேரியின் இமை மூடிவிடுகிறது. வள்ளிக்கும் அப்படியே. ரஹ்மத் உற்சாகமாகி, இதையே தனி வீடியோவாகப் போடலாம் என்றாள்.

அஞ்சலை அக்காவின் முறை வந்தது. துளி கிளம்புகிறது, வருகிறது, வருகிறது, கண் திறந்தே இருக்கிறது. துளி கண்ணில் பட்டுச் சிதறிய பிறகுதான் இமை மூடுகிறது. மறுபடி ஓட்டினோம். நாலு துளிக்கும் அப்படித்தான். அப்போதுதான் மற்றதையும் பார்த்தேன். மற்ற இருவரும் பலகையைப் பார்த்து நடக்கிறார்கள். இவர் முகம் எங்கோ தூரத்தைப் பார்த்திருக்கிறது, வலது காலின் விரல்கள் முன்னால் போய்த் தரையைத் தடவுகின்றன, அதற்குப் பிறகு பலகை போகிறது. செல்போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு "நல்ல வெள்ளை" என்று சொன்னது ஞாபகம் வந்தது. பலகை தரையைக் கிளறினால் உப்பில் கருப்புச் சேறு ஏறிவிடும். சேறு ஏற்றுகிறவர்களை எந்த உப்பளமும் வைத்துக்கொள்ளாது.

மறுநாள் தனியாகப் போய், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெயிலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசிக்கொண்டு நின்றேன். அவர் வாரியை வரப்பில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கண்ணு தெரியாதது உன் படத்துல தெரியுதா தம்பி?"

வட்டக் கண்ணாடி

இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் காட்டியாகிவிட்டது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லியும் விட்டார்கள். ஆனால் செய்த பிறகு பல வாரம் உப்புத் தண்ணீரும் வெயிலும் கண்ணில் படக்கூடாது. சீசனில் அத்தனை நாள் போகாவிட்டால் அந்தப் பாத்திக்கு வேறு ஆள் வந்துவிடும், வந்தவரை எழுப்ப முடியாது. மழை விழுந்தால் எல்லாருக்கும் வேலை நின்றுவிடும், அப்போது செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கிறார். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. "ஐப்பசி வரைக்கும் ஓட்டிட்டா போதும் தம்பி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

தொந்தரவு எது என்று கேட்டேன். விடிகாலையில் ஓரளவு தெரிகிறதாம். வெயில் ஏறித் தண்ணீர் பளபளக்க ஆரம்பித்ததும் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடுகிறதாம். பளபளப்பு என்றதும் என் கை தானாக லென்ஸுக்குப் போயிற்று. வட்டக் கண்ணாடியைத் திருகிக் கழற்றி அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மெல்லத் திருப்பினேன். பாதி திருப்பியதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குனிந்தார். இன்னும் குனிந்தார். புரையை அது எடுத்துவிடவில்லை, பளபளப்பை மட்டும்தான் எடுத்தது. அது போதுமாக இருந்தது. அன்றைக்கே ஒரு நூலில் கோத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, ஆள் பார்க்காத நேரத்தில் எடுத்துத் தரையைப் பார்த்துக்கொள்வார். அந்த மாதம் நான் எடுத்த படங்களிலெல்லாம் வானம்தான் இருந்தது. கண்ணாடியைத் தொலைத்துவிட்டேன் என்று ரஹ்மத்திடம் பொய் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தொலைஞ்சது நல்ல எடத்துலதான் தொலைஞ்சிருக்குதா அண்ணா?"

மேஸ்திரி

இன்னொரு கேமராவை உப்புக் கொட்டகையின் கூரையில் வைத்திருந்தோம். மொத்த உப்பளமும் எப்படி வெளுக்கிறது என்று காட்டுவதற்காக இருபது நாள், விடிந்ததிலிருந்து வேலை முடிகிறவரை, நிமிடத்துக்கு ஒரு படம். அதைச் சேர்த்து ஓட்டியபோது பாத்திகள் கண்ணாடியிலிருந்து மாவாக மாறின, ஆட்கள் எறும்புபோல் ஓடினார்கள். ரஹ்மத் சட்டென்று நிறுத்தி, "மூணாவது வரிசைய பாருங்கண்ணா" என்றாள். அஞ்சலை அக்கா பாத்தியை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். உடனே மேரியோ வள்ளியோ, அன்று எந்த வரிசையில் இருந்தாலும், அந்தப் பாத்திக்கு வந்து, அவர் விட்டுப்போன வரப்பு ஓரமாக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் இல்லை, இருபது நாளும். இன்னொன்றும் இருந்தது. பாத்தி வரிசை வாரத்துக்கு ஒரு தடவை முறை வைத்து மாறும், எல்லாரும் எல்லாத் திசையிலும் வேலை செய்தாக வேண்டும். அஞ்சலை அக்கா மட்டும் மாறவே இல்லை. பளபளப்பு கண்ணில் அவ்வளவாக அடிக்காதபடி, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கிற வரிசையிலேயே இருக்கிறார். வரிசை பிரித்துக் கொடுப்பது மேஸ்திரி.

உப்பளத்து முதலாளி வீடியோவைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மறுநாளே மேஸ்திரி வந்து நின்றார். நான் திருடனைப்போல் திணறினேன். அவர் விடவில்லை, நானும் ஓட்டிக் காட்டினேன். அவர் கண்ணும் மூன்றாவது வரிசையில்தான் இருந்தது. முடிந்த பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்பா" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னார்: "மொதலாளிக்கு அந்த எடத்த வெட்டிட்டுக் காட்டு. அஞ்சலைக்கும் காட்டாத. யாருக்கும் தெரியாம தன் வேலைய தானே முடிக்கிறதா நெனச்சுட்டிருக்குது. அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்."

வெட்டு

வெட்டுகிறேன் என்றதும் ரஹ்மத் சண்டைக்கு வந்தாள். எடுத்த படத்தில் பிடிக்காததைத் தூக்கிப் போட்டால் அது அறிவியல் இல்லை, கல்யாண ஆல்பம் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். சண்டை போட்டு முடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்தாள். இருபது நாளிலும் மேரியும் வள்ளியும் வந்துபோகிற படங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். பள்ளிக்கூடங்களுக்கு, அந்த வரிசையே வராதபடி வேறு பக்கம் எடுத்ததை வைத்துக்கொண்டோம். முதலாளிக்கு இந்த வெட்டிய படம். வேலை முடிந்து கம்ப்யூட்டரை மூடும்போது சொன்னாள்: "நான் பண்ணேன்னு யார் கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா. நான் ஃபிசிக்ஸ் படிச்சவ."

நிழல்

ஐப்பசியில் மழை வந்தது. பாத்திகள் குளமாயின. அஞ்சலை அக்கா ஒரு கண், பிறகு ஒரு கண் என்று ஆபரேஷன் செய்துகொண்டார். தை பிறந்ததும் ஒரு காலையில், பழைய ஸ்டுடியோ அறைக்கு என்னைத் தேடி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வட்டக் கண்ணாடியைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, "நீ இவ்ளோ கறுப்பா தம்பி" என்றார். உப்பளத்தில் நின்று நின்று வந்த கறுப்பு என்றேன். அந்த உப்புப் படத்தைக் காட்டச் சொன்னார். பெரிய திரையில் போட்டேன். புள்ளி, சதுரம், படகு. முழுகுகிற இடம் வந்ததும் அவர் வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். மூன்று தடவை ஓட்டச் சொன்னார். "இத்தன வருஷமா இதையா கலைச்சுட்டு இருந்தேன்" என்றார். நான் எதிர்பார்த்து நின்ற பாராட்டு ஒரு சீசன் கழித்து வந்தது. வெட்கம் பார்க்காமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

சந்தோஷத்தில் புத்தி கெட்டு, கூரையிலிருந்து எடுத்ததையும் போட்டுவிட்டேன். வெட்டியதுதானே என்ற தைரியம். முதல் நாள் ஓடியது, இரண்டாம் நாள் ஓடியது. அவர் திரைக்கு அருகில் போய், கொட்டகைக் கம்பத்தின் நிழலை விரலால் தொட்டார். நிழல் வரப்பில் மெல்ல ஊர்ந்து வந்து, ஓர் இடத்தில் கொஞ்சம் குதித்து, மறுபடி ஊர்ந்தது. அடுத்த நாளும் குதித்தது. முப்பது வருடம் அந்த நிழலை வைத்து மணி பார்த்தவரை நானும் ஒரு ஃபிசிக்ஸ்காரியும் சேர்ந்து ஏமாற்றப் பார்த்திருக்கிறோம். "இங்க என்னமோ எடுத்துட்ட" என்றார். நான் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தேன். அவர் சிரித்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியில் நின்று சொன்னார்: "மேரி வாரி ஒரு மாதிரி கத்தும், வள்ளி வாரி ஒரு மாதிரி கத்தும். என் பாத்தியில அது கேக்காதா எனக்கு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் ரெண்டும் செஞ்சுதுங்க, மேஸ்திரியும்தான். எனக்குத் தெரியும்னு மட்டும் அவங்க கிட்ட சொல்லிடாத தம்பி, சங்கடப்படுவாங்க."

மறைந்திருப்பதை வெளியே காட்டத்தான் எனக்குச் சம்பளம், நானோ ஒரு வரிசைப் பாத்திக்காரர்கள் அத்தனை பேரின் ரகசியத்தையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மறைத்துக்கொண்டு அதே வரப்பில் நடக்கிறேன், நீங்களும் மரக்காணம் பக்கம் வந்தால் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வாருங்கள்.